“கிளீன் என்றால் என்ன செய்யவேண்டும், அக்கா?”

போன ஆண்டு தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கும்போது, அம்மாவின் அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரின் தேக்கா சந்தை நிலையத்துக்கு ஐந்து நிமிட நடைதூரத்தில் இருக்கும் அந்தச் சலவைக் கடைக்குப் போனேன். “இதைக் கிளீன் செய்யவேண்டும், தம்பி” என்று மேசைமேல் வைத்தேன். உரிமையாளர் புடவையைத் தொடவில்லை. “கிளீன் என்றால் என்ன செய்யவேண்டும், அக்கா?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். இருக்கும் மூன்று பேரால் இதற்குமேல் வேலை வாங்கிப்போட முடியாதாம். அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துப் பெயரை விட்டுவிட்டேன். சிராங்கூன் சாலைப் பக்கம் பட்டு கட்டுகிறவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

அதற்கு முந்தைய கதையைச் சொல்லியாகவேண்டும். உறவுக்காரத் திருமணம் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்தபோது, முந்தானையில் பாயசம் சிந்திவிட்டது. கொசுவத்தில் எண்ணெய்க் கறை வேறு. மறுநாளே கடைத்தொகுதி ஒன்றில் இருக்கும் சலவைக் கடையில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் சீட்டில் ‘டிரை கிளீன்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். 12 வெள்ளி. நான்காம் நாள் பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள் புடவை வந்துவிட்டது. எண்ணெய்க் கறை போயிருந்தது. ஆனால் பாயசம் பட்ட இடத்தில், கொடுக்கும்போது கண்ணுக்கே தெரியாமல் இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, கிளீன் செய்துதான் கொடுத்தோம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

என்ன நடந்தது என்பதைத் தேக்கா கடைக்காரர்தான் விளக்கினார். டிரை கிளீன் என்று பெயர் இருந்தாலும் துணி உலர்ந்தே இருப்பதில்லை. தண்ணீருக்குப் பதிலாக வேறொரு கரைப்பான் திரவத்தில் நனைகிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இந்தத் தொழில் தொடங்கியபோது டர்பன்டைன், பிறகு பெட்ரோலிய எண்ணெய்கள் என்று பயன்படுத்தியிருக்கிறார்கள்; தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால், 1930களிலிருந்து தீப்பற்றாத பெர்குளோரோஎத்திலீன் பரவியது. இவையெல்லாம் எண்ணெயையும் கொழுப்பையும் கரைக்கும். சர்க்கரையைக் கரைக்காது. வியர்வை உப்பையும் சரியாகக் கரைக்காது. பாயசத்தின் சர்க்கரை நூலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்க, அதன்மேல் சூடான ஆவியையும் இஸ்திரியையும் ஓட்டினால், வெல்லப்பாகு மாதிரி அது நிறம் மாறிவிடும். முன்கூட்டியே அந்த இடத்தை மட்டும் நீரால் எடுத்திருக்கவேண்டும். “பாயசம் என்று அங்கே சொன்னீர்களா?” என்று கேட்டார். நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 31 ஆண்டு தட்டச்சு வேலை பார்த்தவள். இந்த ஆங்கிலச் சொல் எத்தனை வேடம் போடும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். திருத்தங்களை எல்லாம் சேர்த்து மறுபடி அடித்துக் கொடுத்தால் அது ‘கிளீன் காப்பி’. ஒருவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்றால் அவருடைய ‘ரெக்கார்டு கிளீன்’. வாடகை ஒப்பந்தங்களில் வீட்டைக் கிளீனாகத் திருப்பித் தரவேண்டும், திரைச்சீலைகளை டிரை கிளீன் செய்திருக்கவேண்டும் என்ற வரிகளை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தச் சொல்லுக்கு வீட்டுக்காரர் ஒரு பொருள் சொல்வார், குடியிருந்தவர் வேறு பொருள் சொல்வார். 1968 அக்டோபர் 1ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கியபோது எனக்கு 7 வயது. அப்போது அந்தச் சொல்லுக்குக் குப்பை போடாதே என்று பொருள். பெரியவர்கள் பேச்சிலோ அதே சொல்லுக்கு லஞ்சம் வாங்காதவர் என்று பொருள். ஆளும் மக்கள் செயல் கட்சியினர் அதற்கு அடையாளமாகத்தான் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போடுகிறார்கள்.

புடவையைக் கொடுத்த அன்று, வீட்டுக்குத் திரும்புவதற்கு முன் தேக்கா ஈரச்சந்தையில் கொடுவாய் மீன் வாங்கினேன். “கிளீன் செய்யவா?” என்று மீன்காரர் கேட்டார். செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, செவுளை வெட்டித் தருவதற்குப் பெயரும் அதுதான். எங்கள் அம்மா இதை மீன் ஆய்வது என்பார். அரிசியைக் களைவார், கீரையை ஆய்வார், பாத்திரத்தைத் துலக்குவார், பரணில் ஒட்டடை அடிப்பார். ஒவ்வொன்றுக்கும் கை போகும் விதமே வேறு. இத்தனையையும் நாம் ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிட்டோமே என்று அன்றைக்கு மனது கனத்தது.

இந்தக் கடைக்காரர் அந்தக் கட்டைத் தினமும் அவிழ்க்கிறார். துவைக்கவா, அலச மட்டும் செய்யவா, வெளுக்கவா, கறை எடுக்கவா, கஞ்சி போடவா என்று கேட்பார். கறை என்றால் என்ன கறை, எத்தனை நாள் ஆயிற்று, நீங்கள் ஏதாவது தேய்த்துப் பார்த்தீர்களா என்று கேட்பார். என் கணவரின் வேட்டியில் சாம்பார் பட்டதும் நான் சோப்புப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் செக்கச்செவேலென்று ஆனதைச் சொன்னேன். சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும், பயப்படவேண்டாம் என்றார். பருத்திதான் என்பதால் துவைத்து நல்ல வெயிலில் போட்டார். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. மூன்றாம் முறை கறை இல்லை. அதே வெயிலைப் பட்டுக்குக் காட்டமாட்டார். குளோரின் வெளுப்பானைப் பட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரமாட்டார். பட்டு புரத நூல், வெளுப்பான் அதை அரித்துவிடும்.

மருமகனின் கோட்டை எடுத்துப்போனபோது உள்பட்டையில் இருந்த குறிகளை எனக்குப் படித்துக் காட்டினார். தண்ணீர்த் தொட்டி போட்டிருந்தால் துவைக்கலாம். வட்டம் என்றால் கடையில் கொடுத்துச் செய்வது. உள்ளே ‘பி’ என்ற எழுத்து இருந்தால் பெர்குளோரோஎத்திலீன் ஆகும், ‘எஃப்’ என்றால் பெட்ரோலிய வகை மட்டும், ‘டபிள்யூ’ என்றால் தொழில்முறை நீர்ச்சலவை. இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரம், மூன்று என்றால் அதிகச் சூடு. காஞ்சிபுரத்துப் புடவையில் இப்படி ஒரு பட்டை தைத்திருக்காது. அதனால்தான் கேட்கவேண்டியிருக்கிறது என்றார்.

புடவையை 28 வெள்ளிக்கு, 16 நாள் வைத்திருந்தார். உள்மடிப்பில் ஒரு மூலையை நனைத்துச் சாயம் இறங்குகிறதா என்று என் கண்முன்னே பார்த்தார். சரிகையைத் தேய்க்கவே இல்லை. பழுப்பு முக்கால்வாசி போய்விட்டது. முந்தானையை விளக்கருகில் பிடித்தால் ஒரு நிழல் இன்னும் தெரிகிறது. முழுவதும் போகாது என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட்டார். கணினிச் சீட்டு கிடையாது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைக்கிறார். என் வரியை எட்டிப் பார்த்தேன்: “அரக்குப் பட்டு. பாயசம், பழையது. சூடு பட்டது. அம்மாவுடையது.” அம்மாவுடையது என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

குறைகளும் இருக்கின்றன. அவசரம் என்றால் இங்கே போகவேண்டாம். எதுவும் ஒரு வாரத்துக்குள் வராது. வேட்டிக்குக் கஞ்சி அதிகம் போட்டுவிடுகிறார், இரண்டு தடவை சொல்லியும் மாறவில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் வழக்கம் இல்லை, கார்டு வாங்குவதில்லை. கேள்விகள் முடிய ஆளுக்குப் பத்து நிமிடம் ஆவதால், சனிக்கிழமை மாலையில் வரிசை நடைபாதை வரை நிற்கிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அவர் கேள்வியைக் குறைப்பதில்லை.

டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போதெல்லாம் இப்போது அவர் நினைவு வருகிறது. துணி வெளுப்பவர்களின் துறை என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துத் திடலில் காயப்போட்டார்கள். ஓடை இன்று கால்வாயாகிவிட்டது, கீழே மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன.

தீபாவளிக்குப் பட்டு கொடுப்பதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வார நாளில், காலை பத்தரைக்குப் போனால் வரிசை இருக்காது. சிந்தியது என்ன, எந்த இடத்தில், எப்போது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.