காய்ச்சி வடிக்கும் கண்ணாடிச் சாமான்: காட்பாடி ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பின்னக் காய்ச்சி வடித்தலுக்கு, அதாவது கலந்திருக்கும் திரவங்களைக் கொதிநிலை வித்தியாசத்தை வைத்துப் பிரிப்பதற்குச் சாமான் வாங்குகிறவர்கள் ஃப்ளாஸ்க்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கன்டென்சரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற குழாய் மட்டும் கடைக்காரர் கொடுப்பதுதான். ஆனால் பிரிக்கும் வேலை முழுக்க அந்தக் குழாயில்தான் நடக்கிறது. பணம் குறைவாக இருந்தால் மற்றதில் மிச்சம் பிடியுங்கள், குழாயில் பிடிக்காதீர்கள்.

காட்பாடியில் ஒரு கல்லூரியின் பி.எஸ்சி. வேதியியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. இந்த முறை ஃப்ளாஸ்க், ஸ்டில் ஹெட் (குழாயின் மேல் முனையைக் கன்டென்சரோடு இணைக்கும் பாகம்), லீபிக் கன்டென்சர் மூன்றும் போரோசில் நிறுவனத்தில் எடுத்தோம். நடுவில் நிற்கும் குழாயில் இரண்டு வகை எடுத்தோம்: விக்ரூ குழாய் ஒன்று, ஹெம்பல் குழாய் ஒன்று, இரண்டும் 30 செ.மீ. உயரம், சென்னையில் ஒரு கண்ணாடி ஊதும் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினோம். வேலூர் கடைகளில் பீக்கரும் பியூரெட்டும் கேட்ட உடனே எடுத்து வைக்கிறார்கள். விக்ரூ என்றால் எப்படியும் சென்னைக்குத்தான் ஆர்டர் போகிறது. அதற்கு நேரடியாகப் பட்டறையில் பேசிவிடுவது நல்லது.

விக்ரூ குழாயில் சுவரை உள்பக்கமாகக் குத்தி, கீழ்நோக்கிச் சாய்ந்த முட்களைப் போலச் செய்திருப்பார்கள். மேலே ஏறும் ஆவி அதில் பட்டுக் குளிர்ந்து சொட்டும்; சொட்டிய திரவம் கீழிருந்து வரும் சூட்டில் மறுபடி ஆவியாகும். இப்படி ஒவ்வொரு முறையும் கொதிநிலை குறைந்த பொருள் மேலே கூடிக்கொண்டே போகும். நல்ல குழாயா என்று பார்க்க ஒரு வழி: கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். முட்களின் நுனிகள் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட வேண்டும். இதற்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய குழாயில் முட்கள் மேலோட்டமாக இருந்தன. எதிர்ச் சுவர் ஜன்னலில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. அது வெறும் குழாய், வேறொன்றும் இல்லை. பட்டறைக்காரர் செய்து தந்ததில் அப்படி ஓர் இடைவெளிகூட இல்லை. அவருடைய கைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

ஹெம்பல் குழாய் பார்க்க எளிமையானது. அகலமான வெற்றுக் குழாய், நிரப்பலைத் தாங்க அடியில் ஒரு குறுகல், உள்ளே கண்ணாடி மணிகளோ வளையங்களோ நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். மாணவர்களிடம் சைக்ளோஹெக்சேன், டொலுவீன் இரண்டையும் 50 மி.லி. வீதம் கலந்து கொடுத்தோம். கொதிநிலை 80.7, 110.6 டிகிரி. (வேலூர் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேலே இருப்பதால் தெர்மாமீட்டர் புத்தக எண்ணுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். பதிவேட்டில் அதைத் திருத்தி எழுதாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.) வடிந்த அளவுக்கு எதிராக வெப்பநிலையை வரைந்தால், குழாயே இல்லாமல் வடித்ததில் வரைபடம் சரிவாக ஏறிக்கொண்டே போகிறது. விக்ரூவில் தொடக்கத்தில் சற்று நின்று, பிறகு சாய்கிறது. வளையம் நிரப்பிய ஹெம்பலில் 80-ஐ ஒட்டியே வெகுநேரம் நின்று, சட்டென்று மேலே தாவுகிறது. அந்தப் படிக்கட்டைத் தன் கையால் வரைந்த பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு, இந்தச் செலவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குத் தயக்கம் இல்லை. இந்த மாணவர்களில் சிலர் நாளை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போவார்கள். அங்கே நிற்கும் உயரமான எஃகுக் குழாய்களுக்குள் நடப்பதும் இதே விஷயம்தான்.

அப்படியானால் விக்ரூ எதற்கு? கையில் 20, 30 மி.லி. மட்டும் இருந்தால் விக்ரூதான் வேண்டும். ஹெம்பலின் நிரப்பலில் கணிசமான திரவம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், குறைந்த அளவில் அது பெரிய நஷ்டம். கொதிநிலை வித்தியாசம் அதிகமாக உள்ள அசிட்டோன்–தண்ணீர் போன்ற கலவைக்கும் விக்ரூ போதும். எதுவானாலும் குழாயின் மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். மின்விசிறிக் காற்று நேரே படுகிற மேசையில் வைத்தால் ஆவி மேலே போகாமல் பாதியிலேயே இறங்கிவிடும்.

ஒரு பாகத்தை இன்னொன்றில் செருகும் ஜாயின்ட் விஷயம் சுருக்கமாக. 24/29 என்றால் அகலமான முனை 24 மி.மீ., தேய்த்த பகுதியின் நீளம் 29 மி.மீ. வெளிநாட்டுச் செட்டில் 24/40 வரும். சரிவு ஒன்றே என்பதால் பொருந்தும், ஆனால் நீளம் மாறும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்கிவிடுங்கள். கிரீஸ் இல்லாமல் பொருத்தி லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் திருப்பி அனுப்புங்கள்.

போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி) என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் மருந்துக் கடை கிளிசரினில் முக்கிப் பாருங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.47-க்கு அருகில் இருப்பதால் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். சாதாரண சோடாக் கண்ணாடி 1.52; விளிம்பு தெளிவாகத் தெரியும். சூட்டில் அது போரோசிலிகேட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விரியும், அதை ஃப்ளாஸ்க்கைச் சூடாக்கும் மின் அடுப்பான ஹீட்டிங் மேன்டிலில் வைக்கவே கூடாது.

கன்டென்சரில் குறை சொல்ல எதுவும் இல்லை, குறை எங்கள் தண்ணீரில்தான். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கையே வைக்க முடியாது. 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோனை அதை வைத்துக் குளிர்விக்க நினைத்தால் பாதி ஆவி அறைக்குள் வந்துவிடும். ஏர் கூலரில் போடும் சின்ன மோட்டாரை ஒரு பக்கெட்டில் இறக்கி, ஐஸ் போட்டு, அதே தண்ணீரைச் சுற்ற விடுகிறோம். தண்ணீரும் வீணாவதில்லை. போர் தண்ணீரை நேரடியாக விட்ட பழைய கன்டென்சர்களின் உறையில் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஓர் இரவு வைத்தால் போய்விடுகிறது.

பட்டறைக்காரரிடம் அடுத்து 60 செ.மீ. ஹெம்பல் ஒன்று கேட்டிருக்கிறேன். நிரப்ப வேண்டிய வளையங்களையும் அவரே வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.