மாதிரித் துண்டு 710, மாட்டியது மரத்தூள்: காரைக்குடியில் அலமாரி போடுகிறவர்கள் கவனத்துக்கு

சின்ன ஃபிளாட்டில் அலமாரி, பரண் எல்லாம் ஆள் வைத்துப் போட நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டுத்தான் படித்தேன். படிப்புச் செலவு 55,000 ரூபாய்.

எங்கள் வீடு 520 சதுர அடி, ஒரே படுக்கையறை. நான் வளர்ந்ததோ கானாடுகாத்தானில். அங்கே கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஓர் அறை உண்டு. சீர் சாமான்களை அதில் அடுக்கிப் பூட்டிவிடுவார்கள். சாமான் வைக்க இடம் தேடுவது என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்துவிட்டேன். போன வருஷம் ஆத்தா எங்களோடு வந்துவிட்டார். கூடவே இரண்டு டிரங்குப் பெட்டி, சாக்கு நிறைய எவர்சில்வர், ஒரு ஆள் தூக்க முடியாத இட்லிக் கொப்பரை. எத்தனை நாள்தான் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது?

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மாடுலர் வேலை, அதாவது பலகைகளை வெளியிலேயே தயார் செய்து கொண்டுவந்து மாட்டும் வேலை, செய்கிறவர் ஒருவர் வந்தார். பேர் வேண்டாம், எப்படிச் செய்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

பையிலிருந்து உள்ளங்கை அளவு பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்தார். விளிம்பில் மரத்தகடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. முதுகில் ஐஎஸ்ஐ முத்திரை, 710 என்ற எண். "தண்ணியில போட்டு வேக வச்சாலும் ஒண்ணும் ஆகாது ஆச்சி" என்றார். அது பொய்யில்லை. 710 என்பது தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டுக்கான தர எண். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் அதன் பசை விட்டுப்போகக் கூடாது என்பதுதான் அதற்கான சோதனை. துண்டைக் காட்டினார், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அது இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சதுர அடி 950 ரூபாய் என்று பேசினோம். மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவு என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். 40,000 முன்பணம். துண்டுச் சீட்டில் "போர்டு வேலை" என்று எழுதிக் கொடுத்தார். பிளை என்ற வார்த்தையே அதில் இல்லை என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஆவணியில் ஒரு நாள் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து எல்லாம் வந்து இறங்கியது. வீட்டில் ஆத்தா மட்டும். பலகை ஒவ்வொன்றும் வெளியிலேயே அறுத்து, நான்கு பக்கமும் விளிம்பை மறைக்கும் டேப் ஒட்டி, துளை போட்டு வந்திருந்தது. இங்கே அறுக்கவே இல்லை. நாலு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. மேலும் 15,000 அனுப்பினேன். பாக்கி 7,700, கைப்பிடிகள் மாட்டியதும் தருவதாகப் பேச்சு.

அளவிலும் ஒரு வேலை செய்திருந்தார். அடுப்படி மேடைக்கு அடியில் உண்மையான அளவு 7 அடி 8 அங்குலம் நீளம், 2 அடி 7 அங்குலம் உயரம். அவர் கணக்கில் அது 8க்கு 3. இப்படி ஒவ்வொன்றையும் அடுத்த அடிக்கு ஏற்றி, 58 சதுர அடியை 66 ஆக்கியிருந்தார். கூடுதலாக எட்டுச் சதுர அடி, 7,600 ரூபாய். அவர் அளந்தபோது அளவு டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஸிங்குக்குக் கீழே இருந்த கதவு மூடவில்லை. குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது, அவ்வளவுதான். அடித்தட்டின் ஓரம் பணியாரம் மாதிரி உப்பி, டேப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டேன். கதவைத் தட்டிப் பார்த்தார். கீல் திருகைக் கையாலேயே இழுத்தார், வந்துவிட்டது. துளைக்குள் விரலை விட்டு நோண்டி என் உள்ளங்கையில் கொட்டினார். ஈர அவலைப் பிசைந்து காயவைத்த மாதிரி தூளும் துணுக்கும். "இது பிளை இல்ல ஆச்சி. மரத்தூளைப் பசை போட்டு அமுக்குன பலகை. பார்ட்டிகிள் போர்டு" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிச்சமாகக் கிடந்த ஒரு பட்டையை ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் என் மகனின் ஸ்கேலால் அளந்தேன். 18 மில்லிமீட்டர் பலகை 24க்கு வந்திருந்தது. ஓரத்தைக் கிள்ளினால் பிய்ந்து வந்தது.

அவருக்குப் போன் செய்தேன். முன்பணம் வாங்கும் வரை "ஆச்சி", இப்போது "மேடம்". "இது என்ஜினியர்டு வுட் மேடம், எல்லாரும் இதான் போடுறாங்க. இதுலயும் ஐஎஸ்ஐ இருக்கு" என்றார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வாயடைத்துப் போவோம். ஐஎஸ்ஐ இருப்பது உண்மையாகவே இருக்கலாம். லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டுக்கும் 12823 என்று தனி எண் உண்டு. 303 என்பது சாதாரண பிளைவுட்டுக்கான எண், ஆனால் அதிலேயே தண்ணீர் பட்டால் தாங்காத எம்ஆர் ரகமும் உண்டு, அதைவிடத் தாங்கும் ரகமும் உண்டு. முத்திரையைப் பார்த்தால் போதாது, அதோடு இருக்கும் எண்ணையும் ரகத்தையும் படிக்க வேண்டும். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டிவிடும். முழுப் பலகை, எட்டடிக்கு நாலடி, வீட்டுக்கு வந்து கண் முன்னே அறுபடட்டும். வெளியில்தான் அறுப்பேன் என்றால், டேப் ஒட்டும் முன் போய் விளிம்பைப் பாருங்கள். கொஞ்சம் தூசியும் சத்தமும்தான், பரவாயில்லை.

ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தேன். வேலை தொடங்கும் முன் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்கவில்லை. "710 தான் ஆச்சி, கவலையே படாதீக" என்று அவர் குரலிலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அப்புறம் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ்: பணத்தைத் திருப்பாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுவாரம் ஆளே வந்தார். வாசலில் நின்றபடி 10,000 கொடுத்தார், "இதோட முடிச்சுக்கலாம்" என்றார். வாங்கியதற்கு எழுதிக் கொடுத்தேன், முடிந்தது என்று எழுதவில்லை. பாக்கி 7,700ஐ நானும் தரவில்லை. ஜிஎஸ்டி பில் இருந்திருந்தால் இன்னும் தெம்பாகப் பேசியிருப்பேன். அதை வேண்டாம் என்றதும் நான்தான், 18 சதவீதம் மிச்சம் என்று.

பரணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஏழடி அகலத்துக்கு நடுவில் தாங்கலே இல்லாமல் அதே பலகை. பாத்திரம் ஏற்றிய இரண்டாம் மாதம் நடுவில் தொய்ந்துவிட்டது. கீழேதான் மகன் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கினேன். இப்படிப் போட்டிருப்பவர்கள் இன்று ஒரு முறை கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

இப்போது ஸிங்குக்குக் கீழே ஆசாரி ஏற்பாடு செய்த கடப்பாக்கல் தட்டு இரண்டு, கூலியோடு 2,400. ஆத்தா முதல் நாளே சொன்னது இதைத்தான். "பழைய காலத்து வேலை" என்று நான் முகம் சுளித்தேன். கதவுக்குப் பதிலாகப் பழைய கண்டாங்கிச் சேலையில் கிழித்துத் தைத்த திரை. படுக்கையறை மூலையில் இரும்புக் கடையில் வாங்கிய ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் (துளை போட்ட இரும்புச் சட்டத்தில் தட்டுகளை முடுக்குவது), ஐந்து தட்டு, 3,200. மேல்முனையைச் சுவரோடு திருகிவிட்டோம். பருப்பு, வத்தல் எல்லாம் ஆத்தாவின் டிரங்கிலிருந்து வந்த டப்பாக்களில். சில்லறைச் சாமான்களுக்குப் பனையோலைக் கொட்டான்கள் ஆணியில் தொங்குகின்றன.

இட்லிக் கொப்பரை மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான்.