5 கிலோ கோகோபீட் கட்டி: ஜெர்பரா பாத்திக்குச் சரிவருமா?

ஜெர்பரா ஒருமுறை நட்டால் இரண்டு, மூன்று வருடம் அதே பாத்தியில் நின்று பூக்கும். நட்ட பிறகு அடிமண்ணை மாற்ற முடியாது. அதனால் தேங்காய் மட்டைக் கழிவை அழுத்திச் செய்த 5 கிலோ கோகோபீட் கட்டியை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்து இங்கே எடை போடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்க இது அருமையான பொருள். ஆனால் உறையில் “அப்படியே பயன்படுத்தலாம்” என்று போட்டிருப்பதை நம்பி நேராகப் பாத்தியில் கொட்டக் கூடாது.

கட்டியைப் பெரிய தொட்டியில் வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஊறி, உதிர்த்துவிட்ட பிறகு 60 முதல் 70 லிட்டர் வரை வரும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். காய்ந்த கட்டியைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம். நார் நொறுங்கித் தூள் அதிகமாகிவிடும். ஊறியதும் ஒரு கைப்பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். குட்டைக் குட்டை நாரும் சிறு துணுக்குகளும் தட்டுப்பட்டால் நல்ல சரக்கு. சேறு மாதிரி வழவழவென்று விரலில் ஒட்டினால் தூள் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், காற்றை விடாது. ஜெர்பரா வேருக்கு ஈரத்தைவிடக் காற்று முக்கியம் என்பதால் அப்படிப்பட்ட கட்டியை இதற்குத் தவிர்ப்பதே நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை உப்பு. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் இயல்பாக உண்டு. உப்புத் தண்ணீரில் மட்டையை ஊறப் போட்டிருந்தால் இன்னும் கூடும். ‘கழுவியது’, ‘லோ ஈ.சி.’ (ஈ.சி. என்பது கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன்) என்று எழுதியிருந்தாலும் சோதிக்காமல் விடாதீர்கள். ஒரு பங்கு ஈரக் கோகோபீட்டுக்கு ஒன்றரைப் பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, வடிகட்டி ஈ.சி. மீட்டரில் பாருங்கள். 0.5 mS/cm-க்குக் கீழே இருந்தால் கரையும் உப்பைப் பற்றிப் பயமில்லை. 1-ஐத் தாண்டினால் கழுவாமல் தொடவே கூடாது. குழாய்த் தண்ணீரில் சோதித்தால் அந்தத் தண்ணீரின் ஈ.சி.யும் சேர்ந்தே காட்டும், கணக்குத் தப்பும்.

கழுவுவது என்றால் முழுக நனைத்து, பத்து நிமிடம் விட்டு, முழுவதும் வடித்து, மறுபடியும் நனைப்பது. இரண்டு மூன்று முறை செய்தால் தளர்வாக இருக்கும் உப்பு போய்விடும். ஆனால் நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. அவற்றை வெளியே தள்ள கால்சியம் வேண்டும். 20 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து, கழுவிய கோகோபீட்டை ஒரு நாள் ஊற வைத்து வடித்து, நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போதும். இதைச் செய்யாமல் விட்டால், பிறகு நீங்கள் போடும் உரத்திலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கோகோபீட் தான் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக வேண்டாத உப்பை வேருக்கு விடும். இளம் இலையின் நுனி கருகுவது, பழைய இலையில் நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மட்டும் மஞ்சளாவது, இரண்டுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கலவைக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 30 செ.மீ. ஆழத்துக்குக் கலவை என்றால் 300 லிட்டர். அதில் ஒரு கட்டி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். களிமண்ணுக்குக்கூட ஒன்றரைக் கட்டிக்கு மேல் வேண்டாம். கால் பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், மீதி தோட்டத்து மண்ணும் கொஞ்சம் கரடு மணலும். இதோடு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டில் சத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். மக்காத சரக்காக இருந்தால் அதன் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 100-க்கு மேலே நிற்கும். அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், செடி அடி இலையிலிருந்து வெளுக்கும். மக்கிய தொழு உரத்தைக் குறைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பச்சைச் சாணம் அந்த இடத்தை நிரப்பாது; சூடு கிளம்பி வேரைப் பொசுக்கும்.

பாத்தியை 40 செ.மீ. உயரத்துக்கு மேடாக எடுங்கள். எவ்வளவு கோகோபீட் போட்டாலும், அடியில் தண்ணீர் தேங்கும் நிலத்தை அது சரி செய்யாது. 30 செ.மீ. குழி தோண்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். நாலு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் முதலில் வடிகால், பிறகுதான் கட்டி.

கலந்தவுடன் நட்டுவிடாதீர்கள். கோகோபீட் கலந்த பாத்தி நனைய நனைய அமுங்கும், செடியும் கூடவே இறங்கும். ஜெர்பராவின் குருத்துப் பகுதி மண் மட்டத்துக்கு மேலே ஒன்று, இரண்டு செ.மீ. தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அது புதைந்தால் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நோய்க்கிருமி புகுந்து கழுத்து அழுகி, இழுத்தால் செடி கையோடு வந்துவிடும். பாத்தியை நன்றாக நனைத்து ஒரு வாரம், பத்து நாள் விட்டு, அமுங்கிய இடத்தை நிரவிய பிறகு நடுங்கள்.

தண்ணீர் விடுவதிலும் இந்தப் பொருள் ஏமாற்றும். மேற்பரப்பு காய்ந்து வெளிர் நிறமாகத் தெரியும், இரண்டு விரல் கீழே சொதசொதவென்று இருக்கும். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் போதுமான ஈரம். ஒழுகினால் இரண்டு நாள் குழாயைத் திறக்க வேண்டாம்.

மணற்பாங்கான மண்ணுக்கு ஈரம் நிற்க இந்தக் கட்டியைத் தயங்காமல் வாங்கலாம். களிமண்ணுக்கு, மேட்டுப்பாத்தியோடு சேர்ந்தால் நல்லது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணிலும் தண்ணீரிலும் இதை மட்டும் நம்பாதீர்கள். கோகோபீட்டின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை இருந்தாலும், காரத் தண்ணீர் தொடர்ந்து பாய்ந்தால் அந்த அனுகூலம் நிலைக்காது. இளம் இலைகள் பச்சை நரம்போடு வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. அங்கே இன்னொரு கட்டி வாங்கிப் போடுவதைவிடத் தண்ணீரின் பி.எச்.-ஐச் சரிசெய்வதும், இலைவழியாகச் செலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) கொடுப்பதும்தான் வேலை செய்யும்.