வேகா யூரோப்: மென்மையான ரப்பருடன் இரண்டு ஆண்டுகள்

38 வயதில் மீண்டும் டேபிள் டென்னிஸ் ஆடத் தொடங்கியபோது என் கைக்கு வந்த மட்டையில் ஹரிகேன் 3 ரப்பர் ஒட்டப்பட்டிருந்தது. சீனாவின் முன்னணி வீரர்கள் ஆடும் ரப்பர் என்று பெருமையாகச் சொல்லித்தான் நண்பர் கொடுத்தார். அந்த வீரர்களின் இடுப்பும் தோளும் எனக்கு வாய்க்கவில்லை என்பது மூன்றாவது வாரத்தில் புரிந்துவிட்டது. பசைத்தன்மையுள்ள மேற்பரப்பும் அதன் அடியில் ஸ்பாஞ்ச் எனப்படும் கெட்டியான பஞ்சு அடுக்கும் கொண்ட ரப்பர், கை முழு வேகத்தில் வீசப்பட்டால்தான் பந்தைத் தூக்கிவிடும்; அரை வேகத்தில் வீசிய என் டாப்ஸ்பின்களில் (பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் அடிகளில்) பாதிக்கு மேல் வலையில்தான் விழுந்தன.

பயிற்சியாளரின் யோசனைப்படி எக்ஸியோம் நிறுவனத்தின் வேகா யூரோப் ரப்பரை வாங்கினேன். வாங்குவதற்கு முன் என்னைக் குழப்பியது ஸ்பாஞ்சின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் டிகிரி எண். வேகா யூரோப் 42.5 டிகிரி, ஹரிகேன் 3 பெரும்பாலும் 39 முதல் 41 டிகிரி, பட்டர்ஃபிளை டெனர்ஜி 05 வெறும் 36 டிகிரி. எண்ணை மட்டும் பார்த்தால் வேகா யூரோப்தான் இவற்றில் கெட்டியானது என்று தோன்றும்; உண்மையில் மூன்றிலும் மென்மையானது அதுதான். வேகா யூரோப் ஐரோப்பிய அளவுகோலிலும், ஹரிகேன் 3 சீன அளவுகோலிலும், டெனர்ஜி ஜப்பானிய அளவுகோலிலும் அளக்கப்படுவதால், ஒரு நாட்டு எண்ணை மற்றொன்றோடு ஒப்பிடுவது கிலோவையும் பவுண்டையும் ஒப்பிடுவது போலத்தான். கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பார்ப்பது இந்த எண்களைவிட அதிகம் சொல்லும்.

ஸ்பாஞ்சின் தடிமனைத் தேர்ந்தெடுத்ததில் முதல் முறை தவறு என்னுடையது. விதிப்படி பசையும் சேர்த்து ரப்பரின் மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டி வரும் மேக்ஸ் அளவை, விலை ஒன்றுதானே என்ற கணக்கில் வாங்கிவிட்டேன். டாப்ஸ்பின் உடனே மேம்பட்டது. பந்து ஸ்பாஞ்சுக்குள் சற்று அமிழ்ந்து, ஒரு கணம் தங்கிப் போவதைக் கை உணர்ந்தது. மட்டையின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பந்து வளைந்து மேசைக்குள் இறங்கியது. ஆனால் எதிராளியின் குட்டையான சர்வீஸை மெதுவாகப் புஷ் செய்தால் (மட்டையைச் சாய்த்துத் தள்ளித் திருப்பினால்), பந்து துள்ளி எழும்பி, அடித்துக்கொள் என்பது போல அவர் முன்னால் போய் நின்றது.

மென்மை என்றால் கட்டுப்பாடு என்று பலரும் எண்ணுவதைப் போலவே நானும் எண்ணியிருந்தேன். இழுவிசையோடு தயாரிக்கப்படும் இக்கால மென் ரப்பர்களில் லேசான தொடுதலுக்கே ஸ்பாஞ்ச் அமுங்கி, உடனே பந்தை உந்தித் தள்ளிவிடுகிறது. ஓங்கி அடிக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும்: ஸ்பாஞ்ச் முழுவதும் நசுங்கி, பந்து மரப்பலகையில் முட்டுவதால், எவ்வளவு பலமாக அடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் வேகம் கூடுவதில்லை. கட்டுப்பாடு என்று நாம் சொல்வதில் ரப்பரின் மென்மைக்கு உள்ள பங்கைவிடத் தடிமனுக்கும் மட்டையின் பலகைக்கும் உள்ள பங்கு பெரியது என்பது என் முடிவு. இரண்டாவது முறை 1.8 மில்லிமீட்டர் வாங்கி, கார்பன் இழை இல்லாத, ஐந்து அடுக்கு மரத்தாலான, வேகமும் கட்டுப்பாடும் நடுத்தரமான ஆல்ரவுண்ட் பலகையில் ஒட்டியபோது, புஷ் செய்த பந்து வலையை ஒட்டித் தாழ்வாகச் சென்றது. மட்டையைத் தளர்வாகப் பிடித்து, பந்து மேசையில் பட்டு எழும்பும்போதே தொட வேண்டும் என்று பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்ததும் அப்போதுதான் கைக்குப் பழகியது.

வாரத்துக்கு மூன்று மாலைகள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்ற என் ஆட்டத்துக்கு ஒரு ரப்பர் எட்டு மாதம் நன்றாக உழைத்தது. அதற்குப் பின் நடுப்பகுதி மங்கி, சர்வீஸில் சுழற்சி குறைந்தது. சென்னையின் மழைக்கால ஈரப்பதத்தில் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து பந்து வழுக்குவதை ரப்பரின் குறையாகக் கொள்ள முடியாது. உலர்ந்த பருத்தித் துணியால் அவ்வப்போது துடைத்தாலே போதும். ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் படியவைத்து உறையில் போடுவது வழக்கமாகிவிட்டது.

ஒட்டுவதை வீட்டிலேயே செய்கிறேன். தண்ணீர் கலந்த பசையை ஸ்பாஞ்சிலும் பலகையிலும் மெல்லியதாகப் பூசி, வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி போல ஆகும்வரை காத்திருந்து, கைப்பிடிப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பூரிக்கட்டையால் உருட்டிவிடுவேன். கழற்றுவதில்தான் எச்சரிக்கை வேண்டும். ஒருமுறை அவசரத்தில் மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததில், கட்டைவிரல் அகலத்துக்கு ஸ்பாஞ்ச் பிய்ந்து பலகையிலேயே நின்றுவிட்டது. மென் ஸ்பாஞ்சை நுனியிலிருந்து சாய்வாக, பாயைச் சுருட்டுவது போல மெல்லத்தான் உரிக்க வேண்டும்.

முதல் ஆண்டு முடிவில் என் ஃபோர்ஹேண்டின் வீச்சு கூடியபோது, ரப்பரின் உதவியே தடையாக மாறத் தொடங்கியது. தவறான கோணத்தில் தொட்ட பந்தும் உள்ளே விழுந்ததால், சரியாக அடித்தது எது, தப்பிப் பிழைத்தது எது என்று எனக்கே தெரியாமல் போனது. அதனால் ஃபோர்ஹேண்டுக்கு அதே வரிசையில் வரும், இன்னும் கெட்டியான 47.5 டிகிரி வேகா ப்ரோவை ஒட்டினேன். முதல் பத்து நாள் பந்துகள் மீண்டும் வலையில் விழுந்தன, பிறகு சீரானது. பேக்ஹேண்டில் மணிக்கட்டின் சிறு அசைவே போதுமென்பதால் யூரோப்பை மாற்றவில்லை. நாலு மாதமாகப் பழகும் என் பதினொரு வயது மகனின் மட்டையில் இரண்டு பக்கமும் 1.8 மில்லிமீட்டர் யூரோப்தான் இருக்கிறது. அவன் வீச்சு நிலைப்பதற்குள் அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை, அவனுக்குத்தான் ஹரிகேன் 3 மீது கண்.