256 பிட் பாதுகாப்பு என்று சொல்லி விற்றார்கள்: வரி ஆலோசகர்கள், கணக்கு எழுதுபவர்கள் கவனத்துக்கு

வரி ஆலோசனை அலுவலகம் நடத்துபவர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்கள், வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வாடிக்கையாளர்களின் பான் எண், ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், ஜிஎஸ்டி கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மென்பொருளை ஆண்டுச் சந்தாவுக்கு எடுத்தோம். விற்க வந்தவர், "எல்லாமே 256 பிட் என்கிரிப்ஷன் சார், பேங்க்ல இருக்கிற அதே செக்யூரிட்டி" என்றார். தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவதுதான் என்கிரிப்ஷன், தமிழில் குறியாக்கம். வாய்ச்சொல்லாக வேண்டாம், எழுத்தில் கொடுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் தகவல்கள் ஏஇஎஸ் 256 முறையில் குறியாக்கம் செய்து சேமிக்கப்படுகின்றன. எங்கள் ஊழியர்கள்கூடப் பார்க்க முடியாது' என்று பதில் வந்தது. ஏஇஎஸ் என்பது ஒரு குறியாக்க முறையின் பெயர், 256 என்பது அதன் சாவியின் நீளம். அந்த மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் சொன்னது இரண்டுமே பொய்.

முதலில் தெரிந்தது ஒரு போன் பேச்சில். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு அந்த மென்பொருளுக்குள் நுழையும் கடவுச்சொல் மறந்துவிட்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார். எதிர்முனையில் இருந்த பையன் புதுக் கடவுச்சொல் எதுவும் தரவில்லை. "மேடம், உங்க பையன் பேரும் வருஷமும் சேர்த்துப் போட்டிருக்கீங்க பாருங்க, அதான்" என்று சொல்லி எழுத்து எழுத்தாகப் படித்தே காட்டிவிட்டான். அந்தப் பெண் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தார். முகமே மாறிவிட்டது. நான் போனை வாங்கி, "தம்பி, இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "அட்மின் ஸ்கிரீன்ல எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்குக் கொடுத்த வேலையைச் செய்தான். அப்படி ஒரு ஸ்கிரீனைக் கட்டி வைத்துவிட்டு எனக்கு அந்த மின்னஞ்சலை எழுதினார்களே, அவர்கள்மேல்தான் கோபம்.

நேர்மையான ஒரு சேவையில் இது நடக்கவே முடியாது. நாம் உள்ளே நுழையும் கடவுச்சொல்லை அவர்கள் அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை ஹேஷ் என்னும் ஒருவழிக் கணக்கில் போட்டு, வரும் விடையை மட்டும்தான் சேமிக்க வேண்டும். நாம் மறுபடி தட்டும்போது அதே கணக்கைப் போட்டு விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். விடையிலிருந்து கடவுச்சொல்லுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. அதனால்தான் ஒழுங்கான தளங்கள் பழைய கடவுச்சொல்லை ஒருபோதும் சொல்லாமல், புதிது வைக்கச் சொல்கின்றன. இதற்கென்றே மெதுவாக வேலை செய்யும்படி உருவாக்கிய பிகிரிப்ட் என்ற முறை 1999-லேயே வந்துவிட்டது. 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவு திருடு போனபோது, 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே வெளியே வந்தன. அத்தனை பெரிய பாடத்துக்குப் பிறகும் இங்கே ஒருவர் அதையே செய்து, காசும் வாங்குகிறார்.

சரி, வாடிக்கையாளர்களின் வரித்தளக் கடவுச்சொல் கதை வேறு. அதை நாம் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதால் ஹேஷ் போட்டு வைக்க முடியாது. குறியாக்கம்தான் செய்ய வேண்டும். குறியாக்கம் என்றால் சாவி வேண்டும். சாவி இருப்பவருக்கு மட்டும் படிக்க வரும், மற்றவர் கையில் கிடைத்தால் வெறும் குப்பை. அதையாவது செய்திருக்கிறார்களா என்று பார்க்க, எங்கள் பேக்கப் கோப்பை இறக்கி நோட்பேடில் திறந்தேன். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள். பல வரிகள் ஒரு சமக்குறியிலோ இரண்டு சமக்குறிகளிலோ முடிந்தன. பார்ப்பதற்குப் பெரிய ரகசியம் மாதிரிதான் இருந்தது.

பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் எடுக்கும் நண்பரிடம் காட்டினேன். சமக்குறியைப் பார்த்ததுமே "இது பேஸ்64" என்றார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்கள், கூடவே இரண்டு குறிகள் என்று 64 வடிவங்களை வைத்து எந்தக் கோப்பையும் சாதாரண எழுத்தாக மாற்றி எழுதும் முறை அது. மின்னஞ்சலில் படங்களை இணைத்து அனுப்பப் பயன்படுவது. எதையும் மறைப்பதற்காக வந்ததே இல்லை. அதற்குச் சாவியும் கிடையாது. நண்பர் ஒரு வரியை நகலெடுத்து, இணையத்தில் யாருக்கும் கிடைக்கும் ஒரு கருவியில் ஒட்டினார். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் ஜிஎஸ்டி கடவுச்சொல் திரையில் அப்படியே வந்து நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நண்பர் இன்னொன்றும் செய்து பார்க்கச் சொன்னார். பேக்கப் கோப்பில் எங்கள் அலுவலகத்தின் சொந்த வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றித் திரும்ப ஏற்றினோம். மென்பொருள் வாயே திறக்காமல் ஏற்றுக்கொண்டது. எனக்குக் கடவுச்சொல் கசிவதைவிட இதுதான் பெரிய பயம். ஹேஷ், குறியாக்கம் எல்லாம் சேர்ந்த கிரிப்டோகிராஃபி என்றால் மறைத்து வைப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வைத்த தகவலை இடையில் யாரும் தொடவில்லை என்று காட்டுவதும் அதன் வேலைதான். தகவல் யார் பெயரில் வந்ததோ அவரிடமிருந்துதான் வந்தது என்று உறுதி செய்வதும், போட்ட கையெழுத்தை நான் போடவில்லை என்று பின்னால் மறுக்க முடியாமல் செய்வதும் அதன் வேலைதான். ரீஃபண்ட் வர வேண்டிய கணக்கு எண்ணை ஒருவர் மாற்றி வைத்தால் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லைதான், ஆனால் பணம் போய்விடும்.

கையெழுத்து என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதே மென்பொருளில் 'தானியங்கித் தாக்கல்' என்று ஒரு வசதி. அதற்கு வாடிக்கையாளரின் டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையொப்பம் போடும் சின்ன யுஎஸ்பி கருவியின் பின் எண்ணையும் பதிந்து வைக்கச் சொல்கிறது. டோக்கனுக்குள் இருக்கும் தனிச்சாவி, அதாவது கையொப்பம் போடும் ரகசியச் சாவி, அதன் சொந்தக்காரர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் டிஜிட்டல் கையொப்பம் சட்டத்தில் செல்லுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 42-வது பிரிவு அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றும் பொறுப்பைச் சொந்தக்காரர் மேலேயே வைக்கிறது. பின் எண்ணைப் பேஸ்64-ல் போட்டு வைக்கும் இடத்தில் அதைக் கொடுத்தால், அந்தக் கையொப்பத்துக்கு என்ன மதிப்பு? நல்லவேளை, அந்த வசதியை நாங்கள் தொடவில்லை. தொட்டவர்கள் தயவுசெய்து உடனே பின் எண்ணை மாற்றுங்கள்.

நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினேன். முதல் பதில், "எங்கள் தளத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறது, பாதுகாப்பானது". அந்தச் சின்னம் நம் கணினிக்கும் அவர்கள் சர்வருக்கும் இடையே போகும் வழியை மட்டும்தான் காக்கும். போய்ச் சேர்ந்த பிறகு எப்படி வைக்கிறார்கள் என்பதற்கு அது பொறுப்பில்லை. இதை எழுதியதும் அடுத்த பதில், "நாங்கள் சொந்தமாக உருவாக்கிய முறையைப் பயன்படுத்துகிறோம், பாதுகாப்புக் காரணங்களால் வெளியிட முடியாது".

இந்தப் பதிலை யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். 1883-லேயே அகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்பவர் எழுதி வைத்துவிட்டார்: முறை எதிரி கையில் கிடைத்தாலும் பாதகம் இருக்கக் கூடாது, சாவி ஒன்றுதான் ரகசியமாக இருக்க வேண்டும். அவர்கள் மின்னஞ்சலில் பெயர் சொன்ன அதே ஏஇஎஸ் அப்படித்தான் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள் என்று திறந்த போட்டி வைத்து, 15 முறைகளிலிருந்து தேர்ந்தெடுத்து, 2001-ல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்தது. அதன் முழு விவரமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 256 பிட் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்கலாம் என்றால் மொத்தச் சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட எண். பலம் அங்கே இருக்கிறது. ஒளித்து வைத்த முறையில் இல்லை.

நிஜமான குறியாக்கம் இருந்தாலும் தப்பாகச் செய்தால் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் அடோபி நிறுவனத்திலிருந்து திருடு போன கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, ஆளுக்கு ஆள் மாறும்படி கூட எதையும் கலக்கவும் இல்லை. அதனால் ஒரே கடவுச்சொல் வைத்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே மறையெழுத்தே வந்தது. பக்கத்திலேயே நினைவூட்டும் குறிப்புகள் மறைக்காமல் கிடந்தன. குறிப்பைப் படித்தே பலவற்றை ஊகித்துவிட்டார்கள்.

அப்புறம் எங்களுக்கு வந்த வேலை இருக்கிறதே. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினோம். பல வருடமாக எங்களிடம் இருக்கும் விசைத்தறிக்காரர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்தனை நாளா யார் யார் பாத்திருப்பாங்க தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பார்த்தவர்கள் பெயர் பதியும் வசதி அந்த மென்பொருளில் இல்லவே இல்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தகவலை வேறு நிறுவனத்திடம் கொடுத்து வைத்திருந்தாலும் பொறுப்பு அதை வாங்கிச் சேர்த்தவருடையதுதான் என்கிறது. அவர்கள் செய்ததற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள். கடவுச்சொல்லை எந்த ஹேஷ் முறையில் வைக்கிறீர்கள்? குறியாக்கச் சாவி எங்கே இருக்கிறது, தரவுக்குப் பக்கத்திலேயேவா? அதை யாரெல்லாம் எடுக்க முடியும்? பேக்கப்பில் ஒரு எழுத்தை மாற்றினால் மென்பொருள் கண்டுபிடிக்குமா? பதில் எழுத்தில் வந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள், இலவசச் சோதனைக் காலத்திலேயே பொய்யான ஒரு பெயரில் கணக்குப் போட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டதாக உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பேக்கப் கோப்பைத் திறந்து பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சந்தாப் பணம் திரும்பக் கேட்டதற்கு, 'கட்டிய தொகை திரும்பத் தரப்படாது' என்ற நிபந்தனையைக் காட்டுகிறார்கள். பொய் சொல்லி விற்றதற்கு அந்த நிபந்தனை பொருந்தாது என்பது என் வாதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், அவர்கள் எழுதிய மின்னஞ்சலையும் சேர்த்து. புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கணக்கை மூடிவிட்டோம். அவர்கள் சர்வரில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் தகவல்களை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி கேட்டிருக்கிறேன். அது இன்னும் வரவில்லை.