குயில்ட்டுக்கு அடித்துணி: ஃபிளானலா, சாதாரணப் பருத்தியா, மிங்கியா?

மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்றடுக்காகச் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட். அதைத் தைப்பவர்கள் மேல்துணியின் நிறப் பொருத்தத்துக்காக வாரக்கணக்கில் யோசித்துவிட்டு, அடித்துணியைக் கடைசி நாளில் கைக்குக் கிடைத்ததில் வெட்டிவிடுவது வழக்கம். ஆனால் போர்த்திக்கொள்பவரின் உடம்பில் படுவது அந்த அடித்துணிதான். குளிர் நாடுகளில் இதற்குப் பெரும்பாலும் போட்டியிடுபவை மூன்று: குயில்ட்டுக்கென்றே விற்கப்படும் சாதாரணப் பருத்தி, ஃபிளானல், மிங்கி எனப்படும் குட்டை மயிர் பாலியெஸ்டர்.

ஃபிளானல் ஆதியில் கம்பளித் துணி. இன்று குயில்ட் துணிக் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பருத்தி. நெய்த பிறகு கம்பிப் பற்கள் கொண்ட உருளைகளில் ஓட்டி, ஒரு பக்கமோ இரு பக்கமுமோ இழைகளைக் கிளப்பிவிடுகிறார்கள். அந்தப் பூம்பிசிறுக்குள் தங்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. இழை கிளம்ப வேண்டும் என்பதற்காகவே நூலை முறுக்குக் குறைவாக நூற்று, நெசவையும் சற்றுத் தளர்வாக விடுகிறார்கள். துவைத்தால் அதிகம் சுருங்குவதற்கும், வெட்டிய ஓரம் எளிதில் பிரிவதற்கும், தையல் இயந்திரத்தில் பஞ்சுத்தூசி சேர்வதற்கும் காரணம் இதுவே. அதன் குணமும் குறையும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதால், ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை விலக்க வழியில்லை.

சுருக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். 60 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட குயில்ட்டுக்கு, நாற்புறமும் 4 அங்குலம் கூடுதலாக விட்டால், 68-க்கு 80 அங்குல அடித்துணி தேவை. கரை நீக்கி 42 அங்குல அகலமுள்ள துணியில் இரண்டு துண்டுகளைக் குறுக்காக வைத்து இணைத்தால் 84 அங்குலம் கிடைக்கும், போதுமே என்று தோன்றும். சாதாரணப் பருத்தி சுமார் 3 சதவீதம் சுருங்கினாலும், கால் அங்குல இணைப்புத் தையல் போக 81 அங்குலம் மிஞ்சுகிறது. ஃபிளானல் 5 சதவீதம் சுருங்கினால் ஒவ்வொரு துண்டும் 40 அங்குலத்துக்குள் வந்துவிடும். ஓரம் பிரியாமலிருக்க அரை அங்குலம் விட்டுத் தைத்தால் எஞ்சுவது ஏறக்குறைய 79 அங்குலம்தான். மலிவு ரகமானால் இன்னும் குறையும். ஆகவே ஃபிளானல் வாங்கும்போது நீளத்தை மட்டும் கூட்டி வாங்குவது போதாது. அகலத்திலும் ஒரு பட்டை சேர்க்க நேரிடும் என்று எண்ணியே வாங்க வேண்டும்.

துவைக்காமல் தைத்து நான் பட்ட பாடும் உண்டு. என் முதல் ஃபிளானல் குயில்ட் முதல் சலவையிலேயே பின்பக்கம் இழுத்துக்கொள்ள, ஏற்கெனவே துவைத்துத் தைத்திருந்த மேல்துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. அன்றிலிருந்து வெந்நீரில் அலசி, ட்ரையரில் உலர்த்திய பிறகே ஃபிளானலில் கத்தரி வைக்கிறேன்.

மிங்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. பாலியெஸ்டர் என்பதால் அது சுருங்குவதில்லை. பெரும்பாலும் 58 முதல் 60 அங்குல அகலத்தில் வருவதால், குழந்தைக்கான 36 அங்குல குயில்ட்டுக்கு இணைப்பே வேண்டாம். ஆனால் அது குறுக்குவாட்டில் இழுபடும். தைக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் மயிர் நசுங்கிப் பாழாகும். ஃபிளானலோ பஞ்சு விரிப்பைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடப்பதால், ஊக்குகளைச் சற்றுத் தள்ளித் தள்ளியே குத்தலாம். புதிதாகத் தைக்கத் தொடங்கியவருக்கு மிங்கியைவிட ஃபிளானலையே நான் சொல்வேன்.

இயந்திரத்தில் 90/14 எண்ணுள்ள சற்றுத் தடித்த ஊசியும், மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீண்ட தையலும், மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபூட் என்ற பாதமும் இருந்தால் ஃபிளானல் தொந்தரவு தராது. அடிநூல் சுற்றிய பாபினை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் கூட்டைத் தூரிகையால் துடைத்துவிட வேண்டும். தையல் பூம்பிசிறுக்குள் அமிழ்ந்துவிடுவதால் கோணல்மாணல் வெளியே தெரியாது. கை தேர்ந்தவர்களுக்கு இதுவே குறை: நுணுக்கமாகப் போட்ட இறகு வடிவமும் சேர்ந்து மறைந்துபோகும். பின்பக்கத்திலும் வேலைப்பாடு தெரிய வேண்டுமென்றால் சாதாரணப் பருத்திக்கு ஈடில்லை. சுவரில் தொங்கவிடுவதற்கும், கோடைக்கும், இருவர் படுக்கும் பெரிய கட்டிலுக்கும் அதுவே சரி. அந்த அளவில் ஃபிளானல் அடித்துணி நனைந்தால் வாளியிலிருந்து தூக்குவதே பாடு. பருத்தியில் 108 அங்குல அகல ரகங்கள் தாராளமாகக் கிடைப்பதால் இணைப்பு வேலையும் மிச்சம்.

மடியில் போர்த்திக்கொண்டு உட்காரும் குளிர்காலக் குயில்ட்டுக்கு மட்டும் நான் ஃபிளானலை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குள் மெல்லிய பஞ்சு விரிப்பே போதும். வாங்குமுன் கடையிலேயே துணியின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். பிசிறு உருண்டை உருண்டையாகத் திரண்டால், எவ்வளவு அழகான அச்சாக இருந்தாலும் அந்தச் சுருளை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.