டொரோண்டோவில் இருந்து முன்வாசலைப் பார்க்க

நம்மூரில் கேமரா மாட்டுவது ஒரு காலை வேலை. அறந்தாங்கியில் இருந்து வந்த தம்பி ஏணியைச் சாய்த்து ஏறினார். சாப்பாட்டு நேரத்துக்குள் முன்வாசல், கொல்லை, மாட்டுக்கொட்டகை எல்லாம் ஹால் டிவியில் பளிச்சென்று தெரிந்தன. கனடாவில் இதே வேலைக்கு "காலை 8 முதல் மாலை 5 வரை வீட்டில் இருக்கவும்" என்று மெசேஜ் வரும். லீவு போட்டுவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வகையில் ஊர் ஊர்தான். ஆனால் ஹால் டிவியில் தெரிவது டொரோண்டோவில் என் போனில் தெரிய வேண்டுமே. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. பழைய தரைவழி போனின் கம்பி எந்த மண்ணுக்குள் கிடக்கிறதோ. ஆகவே சிம் போடுகிற 4ஜி ரவுட்டர். என் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கடைக்காரர், "அம்மா பேர்லயே எடுத்துடுங்கண்ணே, அதான் ஈஸி" என்றார். அந்த ஈஸி என்னவென்றால், அம்மாவின் கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. "இத்தனை வருஷம் பாத்திரம் தேய்ச்ச கையில ரேகை எங்கடா இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான் வைத்த சட்டம் மாதிரி. கடைசியில் இடது நடுவிரலுக்கு மெஷின் மனமிரங்கியது.

சரி, சிம் வந்தாயிற்று. "போர்ட் ஓப்பன் பண்ணா முடிஞ்சதுண்ணே" என்று தம்பி ரவுட்டருக்குள் போய், வெளியில் இருந்து கேமராவுக்கு வருகிற வழியின் எண்ணாக 37777 என்று அடித்தார். பச்சை டிக்கும் வந்தது. வீட்டு வைஃபையில் ஆப் அழகாகப் படம் காட்டியது. வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தோம். ஜன்னலோரம் வைத்தோம். அப்புறம் ஒயரை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கே போனோம். "டவர் பிராப்ளம்ணே" என்றார் தம்பி. டவர் பிராப்ளம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து அதே ரவுட்டரில் அத்தாச்சி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது எப்படி?

கஸ்டமர் கேருக்கு அடித்தேன். பாட்டு, விளம்பரம், ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து எல்லாம் தாண்டி ஒரு மனிதக் குரல் வந்தது. "இந்த சிம்முக்குப் பப்ளிக் ஐபி கிடைக்குமா?" என்று கேட்டேன், அதாவது வெளியில் இருந்து நேராக வந்து சேரக்கூடிய தனி இணைய முகவரி. "ஐபிஎல் பேக்கா சார்?" என்று பதில் வந்தது. மறுபடி விளக்கினேன். "உங்கள் பகுதியில் நெட்வொர்க் சிறப்பாக உள்ளது, போனை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்று வாழ்த்தி வைத்துவிட்டார்கள். கனடாவில் அரை மணி நேரம் காத்திருக்க வைத்தாலும், கேட்டது புரியாவிட்டால் புரிகிற ஆளிடமாவது மாற்றிவிடுவார்கள்.

விஷயம் டவரில் இல்லை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் ஐபி முகவரி 100.64-இல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால், எந்தப் போர்ட்டைத் திறந்தும் பிரயோசனம் இல்லை. எங்களுடையது அப்படித்தான் இருந்தது. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011-லேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் செல்போன் கம்பெனிகள் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் ஏராளமான சிம்களை வைக்கின்றன. காம்பவுண்டு வீட்டுக்குக் கதவு எண் மட்டும் எழுதிய கடிதம் வந்தால் எந்தக் குடித்தனத்தில் கொடுப்பது? உள்ளே இருப்பவர் எழுதிப் போட்டதற்கு வரும் பதில் போய்ச் சேரும். புதிதாக வெளியில் இருந்து வருவது வாசலிலேயே நின்றுவிடும். நாம் திறந்தது நம் குடித்தனத்தின் கதவை. காம்பவுண்டு கேட் கம்பெனியின் கையில். நியாயமாகச் சொன்னால், கனடாவிலும் செல்போன் இணைப்பில் இதே கதைதான். அங்கே வீட்டுக்கு வரும் கேபிள் இணைப்பில் பெரும்பாலும் தனி முகவரி கிடைத்துவிடுவதால் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை.

தீர்த்து வைத்தது யார் தெரியுமா? ஏணி பிடிக்க வந்த பையன், பாலிடெக்னிக் மாணவன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டிவிஆர்ல பி2பின்னு இருக்கும்ணே, அதை ஆன் பண்ணிட்டு க்யூஆரை ஸ்கேன் பண்ணா போதும்" என்றான். போதும்தான். டிவிஆர், அதாவது கேமராப் படங்களைப் பதிவு செய்கிற பெட்டி, தானாகவே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். நம் போனும் அங்கே போய் சீரியல் நம்பரைச் சொல்லும். சர்வர் இரண்டையும் சேர்த்து வைக்கும். உள்ளே இருந்து கிளம்பிய பேச்சு என்பதால் கேட்டில் தடை இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணன் பேசிட்டு இருந்தாருல்ல" என்றான். எவ்வளவோ மாறிய ஊரில் இது மட்டும் அப்படியே இருக்கிறது. பாசமாகவும் இருந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

மொபைல் டேட்டாவில் ஓட்டப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மெயின் ஸ்ட்ரீம், அதாவது முழுத் தெளிவுப் படம், 2 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 900 எம்பி. தினம் 2 ஜிபி பேக்கில் இரண்டே கால் மணி நேரத்தில் தீர்ந்து, 64 கேபிபிஎஸ்ஸில் தவழும். துபாயில் இருக்கும் என் அக்கா ஆப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவாள். அன்றைக்கு எனக்குப் படம் கிடையாது. கோடைக்காலத்தில் எனக்கு மதியம் 2.30 ஆகும்போதுதான் ஊரில் நள்ளிரவு தாண்டிப் புதுக் கணக்கு விழும். தெளிவு குறைந்த சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றினால் இதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் போகும். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அது தாராளம்.

டிவிஆர் பெட்டியின் தலையில் கறுப்பு மார்க்கரால் யூசர் நேமும் பாஸ்வேர்டும் எழுதியிருந்தார் தம்பி, பக்கத்தில் தன் செல் நம்பரோடு. எல்லா வீட்டுக்கும் இதே பாஸ்வேர்டா என்று கேட்டேன். "ஆமாண்ணே, ஆளுக்கொண்ணு வச்சா யாரு ஞாபகம் வச்சுக்கிறது?" இந்த மாதிரி மாற்றாத பாஸ்வேர்டு போட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்துப் பிடித்துத்தான் 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது. அதைச் சொன்னேன். "நம்மூருக்கெல்லாம் யாருண்ணே வருவா" என்று சிரித்தார். அவர் கிளம்பியதும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, எழுத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நம்பரை மட்டும் விட்டுவைத்தேன்.

விமானம் ஏறும் முன்பே போன் செய்துவிட்டார். "புது பாஸ்வேர்டைச் சொல்லுங்கண்ணே, பெட்டி மேல எழுதி வச்சுடுறேன்."